பத்துக்கு ஒருத்தி

அத்தியாயம் பதினொன்று

புஷ்பலதா ஆசையாகச் செய்த சேமியா பாயசத்தைத் தினேஸ்வரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். போன வாரம் அங்கேதான் நின்றோம். "சீனி கூடிப்போச்சா?" என்று அண்ணி கேட்டதற்கு, "வயிறு சரியில்ல அண்ணி," என்று சொன்னாள். வயிற்றில் ஒன்றுமில்லை. மடிக்கணினியில்தான் இருந்தது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வரி. தினேஸ்வரி, செமோரில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் மனிதவளப் பிரிவு அதிகாரி. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் இந்த வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும். அவளுடைய அண்ணி புஷ்பலதா அதே தொழிற்சாலையில் பதினான்கு வருடமாகக் கையுறைகளைச் சோதித்துப் பெட்டி கட்டுகிறவள். அண்ணன் தனேஸ்வரன் அங்கே ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறான். மூன்று பேரும் புந்தோங்கில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

மடிக்கணினியில் இருந்தது கோலாலம்பூர் தலைமையகத்தின் புது விதி. எந்தப் பிரிவானாலும் பத்துப் பேருக்கு ஒருவரை ஐந்தாம் தரத்தில், அதாவது கடைசித் தரத்தில், போட்டே தீர வேண்டும். அந்த ஒருவருக்கு 'முன்னேற்றத் திட்டம்' என்று ஒரு கடிதமும் மூன்று மாத அவகாசமும் உண்டு. போன வருடம் இந்த விதியை முதலில் சோதித்துப் பார்த்த கிளையில் அந்தக் கடிதத்தை வாங்கிய பதினேழு பேர் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று தினேஸ்வரி தேடிப் பார்த்தாள். ஒருவர்கூட அங்கே வேலையில் இல்லை.

நாலாம் லைனில் பத்துப் பெண்கள். கணினி வரிசைப்படுத்திக் கொடுத்த பட்டியலில் பத்தாவது பெயர் புஷ்பலதா.

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு வேன் புந்தோங்கை விட்டுக் கிளம்பியது. முன் இருக்கையில் தினேஸ்வரி. பின்னால் புஷ்பலதாவும் நாலாம் லைன் பெண்கள் நாலைந்து பேரும் இருந்தார்கள்.

"மேடத்துக்கு இன்னிக்குப் பெர்மனன்ட் லெட்டர்," என்றான் தனேஸ்வரன் கண்ணாடியில் எல்லாரையும் பார்த்து. "அப்புறம் நம்ம வேன்ல ஏறுவாங்களோ என்னமோ. சலாம் வச்சா வாங்கிக்குவாங்களான்னே தெரியல."

"அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுண்ணே."

"பாத்தியா புஷ்பா, இப்பவே ஆடர் போடுது."

புஷ்பலதா சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து ஃபிளாஸ்க் மூடியில் மைலோவை நீட்டினாள். "நேத்தும் சாப்பிடல. இதையாச்சும் குடி, தினேசு."

தினேஸ்வரி வாங்கிக் குடித்தாள். அண்ணியின் கையைப் பார்த்தாள். தீபாவளிக்கு முறுக்குப் பிழிய அந்தத் தெருவே கூப்பிடும் கை அது. அந்தக் கை எப்படிப் பத்துப் பேரில் கடைசியாகும்? நேற்றிலிருந்து இந்த ஒரு கேள்விதான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

கடைசி இருக்கையில் ஜன்னலோரமாக ஷர்மினி உட்கார்ந்திருந்தாள். இருபத்தொன்பது வயது. புருஷனைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்து நாலு மாதம் ஆகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வேனில் அத்தனை பேருக்கும் தெரியும்.

எட்டு மணிக்குத் தினேஸ்வரி தன் மேலாளர் அப்துல் நாசரின் அறைக்குள் நுழைந்தாள். நாசருக்கு ஐம்பது வயது இருக்கும். அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் வளர்ந்த தமிழ் முஸ்லிம், குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

"உக்காரு. மூஞ்சியே சொல்லுது, பட்டியலப் பாத்துட்ட."

"சார், அதுல ஏதோ தப்பு இருக்கு. எங்க அண்ணி அந்த எடத்துல வர ஆளே இல்ல."

"எல்லாருக்கும் அவங்கவங்க அண்ணி நல்ல அண்ணிதான்."

"அதுக்காகச் சொல்லல சார். பதினாலு வருஷத்துல அவங்க கட்டின பெட்டி ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல. ஃபைலெல்லாம் எடுத்துப் பாத்தேன்."

"ஃபைலு பழைய கதை. இப்ப ஸ்கேனர் சொல்றதுதான்."

அவர் சொன்னதும் உண்மைதான். முன்பெல்லாம் லைன் மொத்தமாக எத்தனை பெட்டி கட்டியது என்றுதான் பார்ப்பார்கள். இலக்கைத் தொட்டால் பத்துப் பேருக்கும் ஒரே ஊக்கத்தொகை. ஜனவரியிலிருந்து அது மாறிவிட்டது. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு எண். அந்த எண் அச்சடித்த சீட்டுக் கட்டு அவரவர் மேசையில் இருக்கும். ஒரு பெட்டியைச் சோதித்து மூடுகிறவள் தன் சீட்டு ஒன்றை அதில் ஒட்ட வேண்டும். ஜெர்மனியில் யாராவது ஓட்டைக் கையுறை என்று புகார் செய்தால், சீட்டைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடலாம். அதே சீட்டை ஸ்கேனரில் எண்ணி இப்போது ஆளுக்குத் தரமும் போடுகிறார்கள்.

"அப்ப நான் இதுல இருந்து விலகிக்கறேன் சார். சொந்தக்காரங்க. நீங்களே முடிவு பண்ணுங்க."

"விலகலாம். ஆனா எழுதிக் குடுத்து விலகணும். கே.எல். தலைமையகத்துல என்ன நெனப்பாங்க? சொந்தம்னா கை நடுங்கற ஆளு எச்.ஆருக்கு ஆவாதுன்னு நெனப்பாங்க. உன் லெட்டரும் இன்னும் இங்கதான் கெடக்கு."

மிரட்டுகிற குரல் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போல்தான் சொன்னார். பிறகு அவரே பெருமூச்சு விட்டார்.

"எங்க அத்தா கடையில பதினோரு பேரு வேல செஞ்சாங்க. எவன் டீ ஆத்தறது சரியில்ல, எவன் கறிய அள்ளி ஊத்தறான், எல்லாம் அத்தாவுக்குத் தெரியும். ஆனா பத்துக்கு ஒருத்தன வெளிய அனுப்புன்னு அவருக்கு யாரும் சட்டம் போடல. எனக்குப் போட்டுருக்காங்க. அஞ்சு மணிக்கு கே.எல். கூப்பிடும். அதுக்குள்ள பத்துப் பேர்கிட்டயும் பேசி, மதிப்பீட்டுப் பாரத்துல கையெழுத்து வாங்கிடு."

பத்து மணிக்கு இன்னொரு கூத்து நடந்தது.

உணவுக்கூடத்துப் பலகையில் 'காலாண்டின் சிறந்த ஊழியர்' என்று ஒரு படம் ஒட்டினார்கள். நாளொன்றுக்குச் சராசரி நாற்பத்தைந்து பெட்டி. தொழிற்சாலை இலக்கு முப்பதுதான். படத்தில் இருந்தது ஷர்மினி.

தேநீர் இடைவேளைக்கு வந்த நாலாம் லைன் பெண்கள் பலகை முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு எல்லாரும் ஒரேயடியாக, தேவைக்கு அதிகமாகத் தட்டினார்கள். ஷர்மினி பரிசுக் கூடையைச் சுமந்துகொண்டு, திருடிப் பிடிபட்டவளைப் போல நின்றாள். புஷ்பலதா படத்தைப் பார்த்தாள், ஷர்மினியைப் பார்த்தாள், தேநீரைக் குடிக்காமலே திரும்பி நடந்தாள்.

சற்றுத் தள்ளி நின்ற தினேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். படித்த பெண், அவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

பதினொன்றரைக்கு லைன் சூப்பர்வைசர் பத்துமலை மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மிஸ், அந்தப் படத்த ஒட்டி என்ன மருந்து வச்சீங்க? நாலாம் லைன் நொண்டுது."

"என்ன ஆச்சு?"

"ஒருத்தி மேசையில அட்டப் பெட்டி தீந்துபோச்சுன்னா பக்கத்து மேசக்காரி தள்ளி விடுவா. இன்னிக்கு ஒருத்தியும் தள்ளல. அவளவ சீட்டுக் கட்ட அவளவ மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கா. ஒரு பேச்சு இல்ல, சிரிப்பு இல்ல. இந்த நேரத்துக்கு நூத்தம்பது பெட்டி போயிருக்கணும். நூத்திப் பத்துதான் போயிருக்கு."

"ஷர்மினி?"

"அது ஏழோ எட்டோதான் மிஸ்."

நாளுக்கு நாற்பத்தைந்து கட்டுகிறவள் அரை நாளில் எட்டா? தினேஸ்வரி மடிக்கணினியில் அந்த நாற்பத்தைந்தை மறுபடியும் பார்த்தாள். ஊழியரை உற்சாகப்படுத்தத்தான் பரிசும் படமும் என்று பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படித்திருந்தாள். படம் ஒட்டி ஒன்றரை மணி நேரத்தில் லைன் படுத்துவிடும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு நாசர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். தினேஸ்வரி வாசலுக்கு வெளியே இருந்த நாசி லெமாக் சாப்பாட்டுக் கடைக்கு ஓடினாள். தனேஸ்வரன் வேனை நிழலில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவன் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டான்.

"உங்க அண்ணிக்கா? நெசமாவா சொல்ற?"

"ஆமாண்ணே."

"அவளுக்கு இது தெரியுமா?"

"இல்ல. மூணு மணிக்கு மேல நான்தான் சொல்லணும்."

தனேஸ்வரன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அவளுக்கு மேல ஒம்பதாவது யாரு?"

"கருப்பம்மாக்கா."

"அவங்களுக்கு அம்பத்தெட்டு ஆச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துல எப்படியும் வீட்டுக்குத்தான் போவாங்க. பிள்ளைங்கெல்லாம் சிங்கப்பூர்ல."

"அண்ணே!"

"என்ன அண்ணே? நான் கெட்டவன்தான், வச்சுக்க. ஒருத்தர் போயித்தான் ஆவணும்னா யாருக்கு வலி கொறச்சலோ அவங்க போவட்டும்லா. உன்ன மூணு வருஷம் படிக்க வச்சவ அவ. ஓ.டி. பாத்துப் பாத்து அவ முட்டி தேஞ்சுபோச்சு. நீ அவளுக்கு லெட்டர் குடுத்துட்டு வந்து, வீட்ல எந்தத் தட்டுல சாப்பிடுவ?"

தினேஸ்வரி எழுந்தாள். கோபமாகத்தான் எழுந்தாள். ஆனால் அவன் சொன்னது காதுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கூட வந்துவிட்டது.

தரம் போடுவதில் பெட்டிக்கு எண்பது மதிப்பெண், வேலையில் மனப்பான்மைக்கு இருபது. அந்த இருபதைச் சூப்பர்வைசர் தாளில் எழுதிக் கொடுப்பார், தினேஸ்வரி கணினியில் ஏற்றுவாள். பத்துமலை பத்துப் பேருக்கும் பதினாறு போட்டிருந்தார். யாரையும் நோகடிக்க விரும்பாதவர்.

நாசரின் அறை காலியாக இருந்தது. தினேஸ்வரி புஷ்பலதாவின் பதினாறை இருபது ஆக்கினாள். கருப்பம்மாளின் பதினாறை எட்டு ஆக்கினாள். பட்டியலில் இரண்டு பெயர்கள் இடம் மாறிக்கொண்டன. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மறுபடியும் போய்க் கழுவினாள்.

இரண்டரை மணிக்கு முதல் ஆளாகக் கருப்பம்மாளே வந்து நின்றார்.

"கண்ணாடி எடுத்தாரல மிஸ்ஸு. என்ன போட்டிருக்குன்னு நீங்களே படிங்க."

தினேஸ்வரி பாரத்தைப் படித்தாள். தன் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "சராசரி, ஒரு நாளைக்கு இருபத்தெட்டுப் பெட்டி."

"முப்பதுலா."

"ஸ்கேனர்ல இருபத்தெட்டுன்னுதான் இருக்கு."

கருப்பம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "ரெண்டு வேற எடத்துக்குப் போவுது. யார்கிட்டயும் சொல்லிராத ஆயி."

"எந்த எடத்துக்கு?"

"அந்தச் சின்னப் புள்ள... புருஷன் ஆஸ்பத்திரில கெடக்குறான்ல. கை ஓட மாட்டேங்குது அதுக்கு. சாயங்காலம் சீட்டு மிச்சமா கெடந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்ல. டீ நேரத்துல அது சீட்டு ரெண்டு எடுத்து என் பெட்டியில ஒட்டிருவேன். அதுக்குத் தெரியாது."

"ஏன் அக்கா இப்படிப் பண்ணீங்க?"

"நிரை வெட்டிக் குடுக்கறதுதான். தோட்டத்துல செய்யாததா?"

ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிரை மரங்கள். ஒருத்திக்கு முடியாமல் போனால் பக்கத்து நிரைக்காரி தன் வேலையை முடித்துவிட்டு அவளுடைய மரங்களையும் வெட்டுவாள். பாலை அவள் பெயரிலேயே நிறுக்க விடுவாள். இதில் ஒரே ஒரு கட்டுப்பாடு, சொல்லிக் காட்டக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்களே, அதை அப்படியே கடைப்பிடித்தவர்கள். தோட்டம் போய்த் தொழிற்சாலை வந்தது. மரத்துக்குப் பதில் பெட்டி. இவர்கள் அதையேதான் இங்கேயும் செய்துகொண்டிருந்தார்கள்.

"இதனால உங்களுக்கு மார்க் கொறையும்னு தெரியாதா?"

"மார்க்கா? அந்த மெஷினு ஜெர்மன்காரனுக்குன்னுதானே நீங்க மைக்குல சொன்னீங்க?"

தினேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தாள். ஜனவரியில் விளக்கக் கூட்டம் நடத்தியது அவளேதான். ஷிஃப்ட் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம், மலாயிலும் ஆங்கிலத்திலும் பதினெட்டுப் படங்கள். ஆளுக்கு ஆள் தரம் பிரிப்பார்கள் என்பது பதினாறாவது படத்தில் வந்தது. அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள்.

கருப்பம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும், தினேஸ்வரி முதல் வேலையாகக் கணினியிலும் பாரத்திலும் எட்டை அழித்துப் பதினாறு என்று போட்டாள். அண்ணியின் இருபதையும் பதினாறு ஆக்கினாள். பத்தாவது பெயர் மறுபடியும் புஷ்பலதா.

அடுத்து வந்தவள் சாந்தினி. உட்காரும்போதே, "மிஸ், என் ரெண்டு பெட்டி வேற எடத்துக்குப் போவுது, யாருக்கும் சொல்லிடாதீங்க," என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுப் பேரும் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி மட்டுமே கொடுப்பதாக நினைத்திருந்தாள். இன்று காலையில் நாற்பத்தைந்து என்ற எண்ணைப் பார்த்ததும்தான், இன்னும் யாரோ கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் உறைத்திருக்கிறது. தினேஸ்வரி பழக்க தோஷத்தில் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவதாக ஷர்மினி. பரிசுக் கூடையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பிரிக்கவே இல்லை.

"மிஸ், அந்தப் படத்த எறக்கிடுங்க. என்னால பதினேழுக்கு மேல முடியல. எனக்கே தெரியும்."

"சீட்டுக் கொறையறது தெரிஞ்சுதா?"

"ரெண்டாவது வாரமே தெரிஞ்சுது. யார் எடுக்கறாங்கன்னு தெரியல. கேட்டா நிறுத்திடுவாங்களோன்னு பயந்து கேக்கல." அழ ஆரம்பித்தாள். "இன்னிக்கு யாருமே என்னப் பாக்கல மிஸ். ஒருத்தர்கூட."

அவளை அனுப்பிவிட்டுத் தினேஸ்வரி கூட்டிப் பார்த்தாள். ஷர்மினி தானாகக் கட்டியது பதினேழு. எட்டுப் பேர் கொடுத்தது பதினாறு. மொத்தம் முப்பத்து மூன்று. நாற்பத்தைந்துக்கு இன்னும் பன்னிரண்டு இடிக்கிறது. புஷ்பலதாவின் பெயரில் இருபத்து நாலு. அதோடு அந்தப் பன்னிரண்டைச் சேர்த்தால் முப்பத்தாறு. தொழிற்சாலையிலேயே யாரும் தொடாத எண்ணிக்கை.

கிளையின் முதல் ஆளைத்தான் கணினி கடைசியில் போட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால் அண்ணி தப்பிப்பாளா? அதுவும் இல்லை. கையேட்டில் பதினொன்றாம் பக்கம் தினேஸ்வரிக்கு மனப்பாடம். சீட்டு மாற்றி ஒட்டுவது கடுங்குற்றம். உடனடி வேலை நீக்கம். அண்ணிக்கு மட்டுமில்லை, நோட்டில் எழுதிய எட்டுப் பேருக்கும். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு.

நாலே முக்காலுக்குப் புஷ்பலதா உள்ளே வந்தாள். தொழிற்சாலைக்குள் உறவு காட்டக் கூடாது என்று அவளேதான் முதல் நாள் சொல்லியிருந்தாள்.

"கூப்பிட்டீங்களா மிஸ்?"

தினேஸ்வரி பாரத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். புஷ்பலதா விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். ஐந்தாம் தரம். திருப்தி இல்லை. விரல் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

"இது யாருக்கு?"

"அண்ணி..."

"என் பேரு போட்டிருக்கு. திருப்தி இல்லன்னு போட்டிருக்கு."

"எனக்கு எல்லாம் தெரியும் அண்ணி. பன்னெண்டு பெட்டி. ஷர்மினிக்கு."

"முப்பதுக்குக் கிட்டயாவது வரணும்லா அவ. நான் விட்டா யாரு செய்வான்னு செஞ்சேன்."

"எட்டுப் பேர் செஞ்சிருக்காங்க. எல்லாரும் உங்கள மாதிரியேதான் நெனச்சிருக்காங்க."

புஷ்பலதா நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "காலையில அந்தப் படத்தப் பாத்ததும் வயிறு எரிஞ்சுச்சு தினேசு. நான் கட்டின பெட்டிக்கு அவளுக்குப் படமான்னு. அப்புறம் என் மேலயே கோவம் வந்துச்சு. குடுத்தத நெனச்சு எரியிறவ என்ன மனுஷி? நாள் முச்சூடும் அந்த நெனப்போடதான் வேல செஞ்சேன். இப்ப நீ என்னடான்னா நான் கடசின்னு சொல்ற."

"மெஷின் சொல்லுது அண்ணி."

"மெஷினா என்னப் பதினாலு வருஷம் பாத்துச்சு?"

"நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். உடம்பு சரியில்லன்னு காரணத்துல எழுதுங்க. முட்டி வலின்னு. மூணு மாசம் டைம் இருக்கு. நீங்க உங்க பெட்டிய உங்க நம்பர்லயே ஒட்டினா ஒரே மாசத்துல மேல வந்துடலாம்."

"அப்ப கடைசியா வேற யாரு வருவா? ஷர்மினிதானே?"

தினேஸ்வரி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

புஷ்பலதா பேனாவை எடுத்தாள். 'குறைந்த செயல்திறனுக்கு ஊழியர் கூறும் காரணம்' என்ற கட்டத்தில் தமிழில் எழுதத் தொடங்கினாள். அழுத்தி அழுத்தி எழுதினாள். தினேஸ்வரி தலைகீழாகப் படித்துப் பதறிப்போனாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? இது வேல போற கேசு!"

"போவட்டும்."

"பைத்தியமா உங்களுக்கு? நோட்டீசுகூட இல்லாம அனுப்பிடுவாங்க!"

"கேளு தினேசு. தப்புப் பண்ணினவன்னு சொல்லு, ஏத்துக்கறேன். பண்ணினேன். வேல தெரியாதவன்னு மட்டும் என்னச் சொல்லாத. அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கதவு திறந்தது. நாசர் உள்ளே வந்தார்.

"முடிஞ்சுதா? அஞ்சு ஆவப் போவுது." மேசை மேல் இருந்த பாரத்தைக் கையில் எடுத்தார். நாசருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவர். "நீட்டா எழுதியிருக்காங்க. என்னன்னு படிச்சுச் சொல்லு."

பாரத்தைத் தினேஸ்வரியிடம் நீட்டினார்.

முட்டி வலி என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நாசர் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அண்ணிக்கு மூன்று மாதம் கிடைக்கும், தனக்குக் கடிதம் கிடைக்கும். தினேஸ்வரி புஷ்பலதாவைப் பார்த்தாள். அண்ணி கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. தான் எழுதியதைத் தன் காதால் கேட்கக் காத்திருந்தாள்.

தினேஸ்வரி ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"'என் பெட்டிகளை நானேதான் வேறு நம்பரில் ஒட்டினேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு. மூன்று மாதம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எனக்கு வேலை நன்றாகத் தெரியும். இப்படிக்கு, புஷ்பலதா.'"

நாசர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு நம்பர்லம்மா?"

புஷ்பலதா பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"இவங்க சொல்ல மாட்டாங்க. நீ சொல்லு தினேஸ்வரி. ஒம்பது பேர்கிட்ட பேசியிருக்க. எழுதாம இருந்திருக்க மாட்ட. நோட்டக் குடு."

"எழுதியிருக்கேன் சார்." அவள் நோட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தர மாட்டேன்."

"உன் லெட்டர் என் மேசையில இருக்கு."

"தெரியும் சார். நான் ஒழுங்கா வெளக்கம் சொல்லியிருந்தா இவ்வளவும் நடந்திருக்காது. காலையில படம் ஒட்டற வரைக்கும் அந்த லைன் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாமதான் நிறுத்தினோம்."

நாசர் கோபப்படவில்லை. மேசைத் தொலைபேசி அடித்தது. சரியாக ஐந்து மணி. அவர் எடுக்கவில்லை. ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிக் கருவியை அவள் பக்கம் தள்ளினார்.

"மத்த லைனுக்கெல்லாம் நான்தான் பேரு குடுத்தேன். இந்தத் தடவ நீ பேசு."

"செமோர் கிளை. தினேஸ்வரி பேசறேன்," என்றாள் மலாயில்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். மிகவும் இனிமையான, மரியாதையான குரல். தட்டச்சு செய்யும் சத்தமும் கேட்டது. "எல்லாக் கிளையும் முடிஞ்சுது. உங்க நாலாம் லைன் பேர் மட்டும்தான் பாக்கி."

"நாலாம் லைன்ல அஞ்சாம் தரத்துக்கு ஆள் இல்ல, மேடம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அது எப்படி முடியும்? அந்தக் கட்டத்த நிரப்பாம சிஸ்டம் மூடாதே. பத்துப் பேர்ல ஏதாவது ஒரு பேர் சொல்லுங்க."

தினேஸ்வரி நாசரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புஷ்பலதா எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"யாரா இருந்தாலும் பரவாயில்ல," என்றது அந்தக் குரல். "சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

(தொடரும்)